பத்தொன்பதுக்குப் பூச்சியம்

கல்லூரிக்கு நூறு வயதாகிறது என்று மலர் போடத் தீர்மானித்தார்கள். மலர் என்றால் யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும். அந்த வேலை புதிதாக வந்தவள் தலையில்தான் விழும். பட்டதாரி நியமனத்தில் வந்து எட்டு மாதம்கூட ஆகாத பிரியந்தியை அதிபர் குகநேசன் கூப்பிட்டு அனுப்பினார்.

"பிள்ளை, உதைபந்தாட்டப் பக்கம் உம்மட பொறுப்பு. 'முறியடிக்கப்படாத சாதனைகள்' எண்டு தலைப்புப் போடும். அந்தப் பத்தொன்பதை முதல்லை வையும். மாகாணத்திலை ஒரு கல்லூரியும் இண்டுவரைக்கும் கிட்ட வரேல்லை. இனியும் வராது."

"சரி சேர்" என்றாள் பிரியந்தி.

அந்தப் பத்தொன்பதை அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தக் கல்லூரியில் யாரும் இல்லை. ஒவ்வொன்றும் அவளுடைய அண்ணன் திலக்ஷனைத் தாண்டிப் போன பந்து. இரண்டாயிரத்துப் பதின்மூன்று ஜூன் மாதம், கேடயப் போட்டியின் இரண்டாம் சுற்றில், ஹட்டன் மைதானத்தில், வட்டகொடைக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்காக, இந்தக் கல்லூரிக்கு எதிராக அவன் கோல் காத்தான். அவனுக்குப் பதினேழு வயது. அவள் பதின்மூன்று வயதில் தொழிலாளர் லயத்து வாசலில் நின்று, தலை குனிந்து படியேறி வந்த அண்ணனைப் பார்த்தவள்.

அவள் அந்த நியமனத்தை வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கிடைத்ததை வேண்டாம் என்று சொல்கிற வீட்டில் அவள் பிறக்கவில்லை.

திலக்ஷன் இப்போது ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் த்ரீவீல் ஓட்டுகிறான். அந்த மேட்ச்சுக்குப் பிறகு அவன் கையுறையைத் தொட்டதில்லை. உயர்தரப் பரீட்சைக்கும் போகவில்லை. ஸ்டாண்டில் அவனுடைய பெயர் அரைவாசிப் பேருக்குத் தெரியாது.

"டேய் பத்தொம்போது! டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு ஒரு ஹயர் நிக்குது. பாத்துப் போடா, ரோட்டுல வர்றதையெல்லாம் உள்ள விட்டுறாத!"

அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் பிரியந்திக்கு யாரையாவது அறைய வேண்டும் போலிருக்கும். பல நாள் அவனையே.

நடந்தது இதுதான். போட்டிக்கு முதல் நாள் விடியற்காலையில், மூன்று நாள் மழையில் ஊறிப் போயிருந்த மண்மேடு லயத்துக்குப் பின்னால் சரிந்து அம்மாக்கண்ணு வீட்டுச் சமையலறைமேல் விழுந்தது. அடுப்பு மூட்டப் போன அவளுடைய மகன் தர்ஷன் உள்ளே அகப்பட்டான். பதினாறு வயது. அடுத்த நாள் மேட்ச்தான் அவனுக்கு முதல் மேட்ச்சாக இருந்திருக்கும். அணியில் இருந்த பதினான்கு பேரில் அவன் போக, ஆறு பேர் குழி வெட்ட நின்றுவிட்டார்கள். மிச்சம் ஏழு பேர் மறுநாள் பஸ் ஏறிப் போனார்கள். பொறுப்பாக இருந்த துரைராசா சேர் லீவில் யாழ்ப்பாணம் போயிருந்தார். போகாதே என்று சொல்லவும் ஆள் இல்லை, இப்படிச் செய் என்று சொல்லவும் ஆள் இல்லை.

ஏன் போனார்கள் என்று கல்லூரியில் ஒருவரும் இதுவரை கேட்டதில்லை. ஆள் சேர்க்கக்கூட வக்கில்லாத தோட்டத்துப் பள்ளிக்கூடம் என்றுதான் பேச்சு. தோட்டத்துப் பிள்ளையைக் கேட்டால் சொல்லும். காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். நின்றால் பேர் விழும், அன்றைய கூலி கிடைக்கும். நிற்காவிட்டால் விழாது. வீட்டில் பிணம் கிடந்ததா, பிரசவம் நடந்ததா என்று யாரும் விசாரிப்பதில்லை. அம்மா அப்பா அப்படித்தான் வாழ்ந்தார்கள். கூப்பிடுகிற இடத்துக்குப் போய் நிற்க வேண்டும் என்பதைத் தவிர அந்த ஏழு பேருக்கும் வேறு சட்டம் தெரியாது.

அலுவலகத்து இரும்பு அலுமாரியில் பழைய கோப்பு இருந்தது. சனிக்கிழமை காலையில் பிரியந்தி அதை எடுத்து மேசையில் விரித்தாள். முதலில் போட்டி விதிகள், தட்டச்சு செய்த நான்கு தாள்கள். ஒன்பதாவது விதியில் அவளுடைய விரல் நின்றது. அணியிலோ பாடசாலையிலோ மரணம் நேர்ந்தால், எழுத்தில் அறிவிக்கும் பட்சத்தில், போட்டி ஏழு நாட்களுக்குத் தள்ளிவைக்கப்படும்.

ஒரு கடிதம். நாலு வரி. பாடசாலையில் இருந்த யாராவது எழுதியிருக்கலாம். பதின்மூன்று வயதில் அவளே எழுதியிருப்பாள், யாராவது சொல்லியிருந்தால். அவள் தாளைப் பிய்த்துவிடுவாள் போலப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

விதிகளுக்குப் பின்னால் ஆட்டத் தாள் இருந்தது. வலது பக்கம் தோட்டப் பாடசாலை. ஏழு பெயர்கள் எதிர்பார்த்தாள். எட்டு இருந்தன. எட்டாவது, மாற்று வீரர்: ம. தர்ஷன். பக்கத்தில் அவனுடைய வீரர் அட்டை இலக்கம். எல்லாம் அண்ணனுடைய கையெழுத்து. பொறுப்பாசிரியர் ஒப்பமிட வேண்டிய இடத்திலும் அவனே கிறுக்கியிருந்தான்.

அவள் மறுபடி விதிகளுக்குத் திரும்பினாள். பதினான்காவது விதி: மைதானத்துக்குச் சமுகமளிக்காத ஒருவரின் பெயர் சேர்க்கப்பட்டிருந்தால் அந்த ஆட்டத் தாள் செல்லுபடியாகாது. தாள் நீக்கப்படும். போட்டியும் கோல்களும் கணக்கில் கொள்ளப்படமாட்டா.

பிரியந்தி சத்தமாகச் சிரித்தாள். பக்கத்து மேசை எழுதுவினைஞர் நிமிர்ந்து பார்த்தார். பத்தொன்பதும் போகும். ஒரே கடிதத்தில். அவள் அங்கேயே உட்கார்ந்து போட்டிக் குழுவுக்கு எழுதினாள், இரண்டு பக்கம், ஒரு அடித்தல் இல்லாமல். தாளைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள். கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு மழையோடு ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

திலக்ஷன் த்ரீவீலுக்குள் உட்கார்ந்து ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தான்.

"என்னடி, நனைஞ்ச கோழி மாதிரி? ஏறு உள்ள."

அவள் பின்சீட்டில் ஏறி, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். எட்டாவது பெயரை, பதினான்காவது விதியை, கடிதத்தை. "திங்கக்கெழம தபால்ல போடுறேன். அதோட முடிஞ்சுது. இனி ஒரு நாயும் ஒன்னய அப்பிடிக் கூப்புடாது."

அவன் ரோல்ஸைத் தாளில் மடித்து வைத்தான். "போடாத."

"ஏன்?"

"நாந்தான அந்தப் பேர எழுதுனேன்."

"தெரியுது. அதான் ஏன்னு கேக்குறேன்."

"எல்லார்ட அட்டையும் என்கிட்டதான் இருந்துச்சு. அவனோடதும். எழுதுறப்போ ஏழு பேருக்குக் கீழ எடம் கெடந்துச்சு. அவன் ஒரு மாசமா அந்த மேட்ச்சப் பத்தியேதான் பேசுனான், தெரியுமா? கால்ல போட சப்பாத்துகூட மாமாகிட்ட கேட்டு வாங்கி வச்சிருந்தான். எழுதிட்டேன்." அவன் கண்ணாடியில் வழிகிற மழையைப் பார்த்தான். "ஹாஃப் டைம்ல ஒம்பது. ரெஃப்ரி வந்து, 'எத்தி நேத மல்லி?'ன்னு கேட்டாரு. போதும்தானே தம்பின்னு. நல்ல மனுசன். நம்ம பயலுகளும் நிப்பாட்டலாம்னுதான் நின்னானுங்க. நாந்தான் 'நே சர்', இல்ல சேர்னு சொன்னேன்."

"பைத்தியமா ஒனக்கு?"

"பாதியில எறங்குனா அரைப்பேருதான? அம்மா மத்தியானம் மலையில இருந்து வந்துட்டா அப்பிடித்தான போடுவாங்க. பாதியில விட்டா தாளக் கிழிச்சுப் போட்டுருவாங்கன்னு நெனச்சேன். முழுசா ஆடணும்னு நெனச்சேன்."

"அது மேட்ச்சு அண்ணே! தேயில மலை இல்ல!"

"இப்ப தெரியுது."

பக்கத்து வண்டியிலிருந்து ஒருவன் எட்டிப் பார்த்தான். "என்ன பத்தொம்போது, தங்கச்சிகிட்டயும் கோல் வாங்குறியா?" திலக்ஷன் கையை மட்டும் அசைத்தான்.

பிரியந்திக்குக் கோபம் தலைக்கேறியது. அந்தக் கோபத்தில்தான் அதைச் சொன்னாள். "நீங்க போயிருக்கவே தேவையில்ல. ஒரு லெட்டர் குடுத்திருந்தா ஏழு நாள் தள்ளி வச்சிருப்பாங்க. ரூல்ல இருக்கு. நாலு வரி எழுதியிருந்தா போதும்."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுடைய முகத்தைப் பார்த்தாள்.

"லெட்டரா?" என்றான்.

அவள் தலையாட்டினாள்.

"ஏழு நாளா?"

"ஆமா."

"பதினாலு பேருல பதிமூணு பேரு ஆடியிருக்கலாம்." அவன் அதைக் கணக்குப் போடுகிறவன் மாதிரி மெதுவாகச் சொன்னான். "நானும் குழி வெட்டப் போயிருக்கலாம். அவன் மூஞ்சியக்கூட நான் பாக்கல, பிரியந்தி. ஆஸ்பத்திரில இருந்து பொட்டி வர்றதுக்குள்ள பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போயிட்டேன்." பிறகு, "யாரும் சொல்லலயே" என்றான்.

பதினொரு வருடமாக அவனுக்குத் தெரியாமல் இருந்ததை அவள் ஐந்து நிமிடத்தில் கொடுத்துவிட்டாள். படித்தவள். படித்த திமிர் என்று அம்மா சொல்வது இதைத்தான் போலும்.

"அந்த லெட்டரப் போட்டா என்ன ஆவும்?" என்று அவனே கேட்டான். "பத்தொம்பது அழிஞ்சா, அந்த லிஸ்ட்டும் அழியுமா?"

அவள் விதியை இரண்டு முறை படித்திருந்தாள். "அழியும். தாளையே எடுத்துருவாங்க."

"அம்மாக்கண்ணு அக்கா மாசத்துல ரெண்டு தடவ என் வண்டியில ஆஸ்பத்திரிக்கு வருது. எறங்குறப்போ கேக்கும், 'தம்பி, அந்தத் தாளு இன்னும் இருக்கா?'ன்னு. இருக்குக்கான்னு சொல்லுவேன். வேற ஒன்னும் கேக்காது. அவனோட போட்டோ, அட்டை, சப்பாத்து எல்லாம் மண்ணோட போச்சு. அட்டையக்கூட நான் அன்னைக்கு கொண்டுவந்து கொடுத்துட்டேன், அடுத்த மழையில அந்த வீடே போச்சு." அவன் திரும்பி அவளைப் பார்த்தான். "நான் சும்மாதான் சொல்லிக்கிட்டு இருந்தேன். நெசமாவே இருக்கா?"

அவள் போனை எடுத்துக் காட்டினாள். அவன் விரலால் படத்தைப் பெரிதாக்கினான். பத்தொன்பது இருந்த இடத்துக்குப் போகவில்லை. நேராக எட்டாவது வரிக்குப் போய் அங்கேயே நின்றான்.

"என் எழுத்து எவ்வளவு கேவலமா இருக்கு" என்றான்.

டிக்கோயாவுக்கு ஹயர் ஒன்று வந்தது. அவள் இறங்கி, மழைக்குள் நின்று, கடிதத்தை நாலாய், எட்டாய்க் கிழித்துச் சாக்கடையில் போட்டாள்.

திங்கட்கிழமை மலருக்கான பக்கத்தை எழுத உட்கார்ந்தாள். குறைந்தபட்சம் ஏழு பேர் என்றாவது எழுத வேண்டும் என்று கை துடித்தது. எழுதினாள், அடித்தாள். ஏழு என்று அச்சில் வந்தால் யாராவது ஒரு பழைய மாணவர் தாளை எடுத்து எண்ணிப் பார்ப்பார். எட்டு இருக்கும். யார் அந்த எட்டாவது என்று கேட்பார், தாளே போய்விடும். மண்சரிவு என்றும் எழுத முடியாது. மரணம் என்றும் எழுத முடியாது. எழுத முடிந்ததை எழுதினாள்: 2013ஆம் ஆண்டு கேடயப் போட்டியில் எமது கல்லூரி பத்தொன்பதுக்குப் பூச்சியம் என்ற கோல் கணக்கில் பெற்ற வெற்றி மாகாணத்தில் இன்றுவரை முறியடிக்கப்படாத சாதனையாகும்.

அதிபர் வாசித்தார். "'இனியும் முறியடிக்க முடியாத' எண்டு போடும் பிள்ளை. அப்பதான் ஒரு கம்பீரம்."

அவள் போட்டாள்.

"நல்லா எழுதுறீர். உதைபந்து பிடிக்குமோ?"

"இல்ல சேர்."

அலுவலகத்துக்குத் திரும்பி, கோப்பை ஒரு பொலித்தீன் பைக்குள் சுற்றி, ஈரம் ஏறாத மேல் தட்டில் வைத்தாள். அலுமாரியைப் பூட்டினாள். பூட்டு விழுந்திருக்கிறதா என்று கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள். பிறகு மறுபடியும் இழுத்துப் பார்த்தாள்.