ஏழாவது மாடி

பிரசவ ஆஸ்பத்திரியின் லிஃப்ட் மலையாளத்தில் சொன்னால் மட்டுமே மேலே ஏறும், கொங்கணியில் சொன்னால் மட்டுமே கீழே இறங்கும். பொத்தான்கள் சும்மா அழகுக்கு. பழுது பார்க்க மூன்று முறை ஆள் வந்து, ஒயரையெல்லாம் கழற்றி மாட்டி, டீ குடித்து, இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கேஷியர் புத்தகம் வாங்கி மலையாளம் படித்து வந்து கட்டளையிட்டுப் பார்த்தார். லிஃப்ட் அரை மாடி ஏறி நின்றுகொண்டது. தாய்மடியில் கேட்ட பேச்சாக இருந்தால்தான் அது மதிக்கும் என்பது அப்போது தெரிந்தது. ஆகவே நிர்வாகம் இரண்டு முக்காலி வாங்கிப் போட்டு, மலையாளம் பேசும் ஒருவரையும் கொங்கணி பேசும் ஒருத்தியையும் வேலைக்கு வைத்தது. அவருக்கு ஏத்து அண்ணன், அவளுக்கு இறக்கு அக்கா என்று பெயர் நிலைத்துவிட்டது. பதினோரு வருஷம் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்தும் ஒருவர் மொழியில் மற்றவர் ஒரு வார்த்தை கற்றுக்கொள்ளவில்லை. இரண்டு பேருக்கும் வீம்பு அப்படி.

பன்னிரண்டாம் வருஷம் புதிதாக ஒரு சூப்பரின்டென்டென்ட் வந்தார். ஆறாவது மாடி வார்டில் படுக்கை போதாமல் பிள்ளை பெற்றவர்கள் நடையில் பாய் விரித்துக் கிடந்தது அவர் கண்ணில் படவில்லை. லிஃப்டுக்குள் இரண்டு முக்காலி இருந்தது பட்டது. "ஏறத்தான் லிஃப்ட் வேணும். இறங்கப் படிக்கட்டு போதாதா?" என்றார். தையல் போட்ட வயிற்றோடு ஆறு மாடி இறங்கிப் பார்த்தவர் யாராவது அப்படிக் கேட்பார்களா? இறக்கு அக்காவின் மகள் நர்ஸிங் முடிக்க இன்னும் ஒரு வருஷம் இருந்தது. அக்காவின் சம்பளத்தில்தான் அந்தப் படிப்பு நடந்தது.

எதையும் முறைப்படி செய்ய வேண்டுமென்று, இரண்டு மொழியையும் ஒப்பிட்டு எது வேண்டும் எது வேண்டாம் என்று சொல்ல ஓர் ஒப்பீட்டு அதிகாரி வரவழைக்கப்பட்டார். ஒல்லியான மனிதர். மூன்றாவது முக்காலி போட்டு, பக்கத்துக்கு இரண்டு பத்தி பிரித்து, பத்து நாள் ஏறி இறங்கியபடியே எழுதினார். மலையாளம் தமிழோடு ஒரே வயிற்றில் பிறந்தது, நர்ஸுகளுக்குப் பாதி புரிகிறது. கொங்கணி வடக்கத்திக் குடும்பத்துப் பெண், கடலோரமாகவே நடந்து வந்தவள். மலையாளத்தில் அவன் வந்தாலும் அவள் வந்தாலும் வினைச்சொல் ஒன்றுதான்; கொங்கணியில் வந்தது ஆணா பெண்ணா என்று வினையே சொல்லிவிடும். இந்த இடத்தில், பிரசவ ஆஸ்பத்திரிக்கு உபயோகமான மொழி என்று எழுதி, பாரபட்சம் தெரிகிறதோ என்று பயந்து அடித்தார். மலையாளத்துக்குச் சொந்த எழுத்து உண்டு. கொங்கணி ஐந்து வெவ்வேறு லிபிகளில் குடியிருக்கிறது, மலையாள லிபியும் அதில் ஒன்று. அங்கே அவர் கழித்தல் குறி போட்டதை அக்கா எட்டிப் பார்த்துவிட்டாள்.

"அஞ்சு வீட்டுல தட்டு போட்டுக் கூப்பிடுறவளை அனாதைன்னு எழுதுவீங்களா சார்?" என்று கேட்டாள்.

அதிகாரி குறியை அழித்தார். எப்படியும் தன் முக்காலி தப்பும் என்று ஏத்து அண்ணன் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. கடைசிப் பக்கத்தில் அதிகாரிக்கு ஐந்து வார்த்தைகள் மிஞ்சின: ஜன்னல், மேசை, அலமாரி, சாவி, துவாலை. போர்ச்சுகீசியர் கப்பலில் வந்து கரையேறியவை. சின்னச் சின்ன உச்சரிப்பு மாற்றத்தோடு இரண்டு மொழியிலும் இருப்பவை. யார் ஜெயித்தார் என்று சொல்ல இவை உதவாது என்று ஐந்தையும் கோடு போட்டு அடித்தார். மலையாளம் ஒரு மதிப்பெண் முன்னே நின்றது. அக்கா தன் தண்ணீர் பாட்டிலையும் குடையையும் பையில் எடுத்து வைத்தாள்.

பதினோராம் நாள் காலை, அதிகாரி அறிக்கையை முடிக்க லிஃப்டில் வந்து உட்கார்ந்த நேரம், பஸ் கண்டக்டர் ஒருத்தி வேலையிலிருந்து நேராகப் பிரசவ வலியோடு வந்தாள். யூனிஃபார்ம், தோளில் பை, கழுத்தில் விசில். ஸ்ட்ரெச்சர் மேலே போனதும் ஆறாவது மாடி நர்ஸ் கதவிலேயே மறித்து, இடமில்லை, கீழேயே பாருங்கள் என்றாள். கீழே இறங்கினால் அங்கே டாக்டர், இங்கே எப்படி முடியும், மேலேயே கொண்டு போங்கள் என்றார். மூன்று முறை ஏறி மூன்று முறை இறங்கி, நான்காம் முறை மூன்றாவது மாடி தாண்டும்போது கண்டக்டர் விசிலை எடுத்து லிஃப்டே அதிர ஊதினாள்.

"எங்கயாவது நிறுத்துங்கய்யா! நான் இறங்கணும்!"

பதறிப்போய் அண்ணன் மலையாளத்திலும் அக்கா கொங்கணியிலும் ஒரே மூச்சில் கத்தினார்கள். பதினோரு வருஷத்தில் அவர்கள் சேர்ந்து பேசியது அதுவே முதல் தடவை. லிஃப்ட் கொஞ்சம் யோசித்தது. பிறகு நான்கு, ஐந்து, ஆறு எல்லாவற்றையும் தாண்டிப் போய், இல்லாத ஏழாவது மாடியில் கதவைத் திறந்தது.

நீளமான வெளிச்சமான கூடம். வரிசையாக ஜன்னல்கள், ஒரு பெரிய மேசை, சுவரோரம் அலமாரி, அதில் தொங்கிய சாவி, திறந்தால் அடுக்கடுக்காக வெள்ளைத் துவாலைகள். வேறு ஒன்றும் இல்லை. அதிகாரி தன் கடைசிப் பக்கத்தைப் பிரித்துப் பார்த்து, மேசை மேல் கிடந்த தூசியைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். கண்டக்டரை அதன் மேல் படுக்க வைத்தார்கள். பெண் குழந்தை, மூன்று கிலோ. அக்கா துவாலையில் ஏந்தினாள். ஏத்து அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு வெட்கமில்லாமல் அழுதார்.

கட்டில்தான் இல்லை, அந்தப் பெயர் இரண்டு மொழியிலும் வேறு வேறாம். நாற்பது கட்டில் வாங்கி, அண்ணனும் அக்காவும் சேர்ந்து குரல் கொடுக்க ஏழாவது மாடிக்கு ஏற்றினார்கள். வாரம் முடிவதற்குள் நடையில் ஒரு பாய்கூட இல்லை. அதிகாரி அடித்த ஐந்து வார்த்தைகளையும் திரும்ப எழுதி, இரண்டு பத்திக்கும் நடுவே இருந்த கோட்டை அழித்து அறிக்கை கொடுத்தார். இரண்டு முக்காலியும் நிரந்தரம் என்று உத்தரவு வந்தது. அதில் சூப்பரின்டென்டென்ட் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். மறு வருஷம் அக்காவின் மகள் ஏழாவது மாடிக்கே நர்ஸாக வந்தாள்.

குழந்தை பிறந்த மூன்றாம் நாள், பிறப்புப் பதிவு குமாஸ்தா 'பிறந்த இடம்: ஏழாவது மாடி' என்று இருந்ததைப் பார்த்துச் சந்தேகப்பட்டுத் தெருவில் இறங்கி நின்று எண்ணினார். ஆறு மாடி. திரும்ப எண்ணினார், ஆறுதான். அதற்கு மேல் ஒரு ஜன்னலில் கண்டக்டர் குழந்தையைத் தூக்கிப் பிடித்து, இன்னொரு கையால் விசிலை எடுத்து அவரைப் பார்த்து ஊதினாள். குமாஸ்தா கையாட்டிவிட்டு உள்ளே போய் முத்திரை குத்தினார்.