உமாராணியின் கைராசி

மேலகரத்தில் நல்லதம்பி அண்ணாச்சியின் சூப்பர் மார்க்கெட்டில் ஏசி உண்டு, கேமரா உண்டு, பில் போட மெஷின் உண்டு. ஆனால் காலையில் உமாராணி வந்து முதல் போணி பண்ணாமல் அந்த மெஷினில் ஒரு தீப்பெட்டிக்குக்கூட பில் ஏறாது. கடை திறந்த அன்று முதல் ஆளாக உள்ளே நுழைந்து மஞ்சளும் கல்லுப்பும் வாங்கியவள் அவள். அன்று சாயங்காலத்துக்குள் பாதிக் கடை காலி. திறப்பு விழாத் தள்ளுபடிக்கு வந்த கூட்டம் அது என்று சொல்ல அங்கே யாருக்கும் தோன்றவில்லை. எல்லாம் உமா கைராசி என்று அண்ணாச்சி முடிவு கட்டிவிட்டார். அவள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட, அவள் கை பட்ட ரூபாய் நோட்டை ஆள்விட்டு வாங்கிவந்து கல்லாவில் போட்ட மனுஷன்.

உமாராணிக்கும் அதில் பெருமைதான். இல்லை என்று சொன்னால் பொய். புருஷன் பாண்டிராஜ் ராணுவத்தில், காஷ்மீரில். அவள் கால் வைத்த நேரம் சரியில்லை என்று புகுந்த வீட்டில் பேசாத வாய் இல்லை. அப்படிப்பட்டவளுக்கு ஒரு கடையே தன் கைக்காகக் காத்து நிற்பது லேசுப்பட்ட விஷயமா?

பிள்ளை குற்றாலீஸ்வரனுக்கு எட்டு மாதம். அவளுக்குத் தாய்ப்பால் சீக்கிரமே வற்றிவிட்டது. பசும்பால் ஒரு சொட்டு உள்ளே போனாலும் பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடித்து, ரத்தமாக வாந்தி வரும். சோயா பவுடர் தவிர வேறு எதையும் வாயில் வைக்காதே என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். ஊரில் வேறு யாரும் சீந்தாத அந்த டப்பாவை அண்ணாச்சி அவளுக்காகவே வரவழைத்து வைத்திருந்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கொரோனா வந்த அந்த மார்ச் மாதம், மறுநாள் சாயங்காலம் ஆறு மணியோடு ஊர் அடைப்பு என்று டிவியில் சொன்னதும் தெரு இரண்டு பட்டது. பக்கத்து வீட்டு ஷரீபுன்னிசா செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவந்தாள்.

"உமா, கெளம்பு. எங்க வீட்டுக்காரரு ஆட்டோ நிக்கி. தென்காசிக்குப் போயி ஒனக்கு டப்பாவும் எனக்கு அரிசியும் வாங்கிட்டு வந்துருவோம்."

"எதுக்குக்கா அலையணும்? அண்ணாச்சி இருக்காருல்லா" என்று சொல்லிவிட்டு உமாராணி அவள் முன்னாலேயே போன் போட்டாள்.

"எம்மா, ஒனக்கு இல்லாத டப்பாவா?" என்றார் அண்ணாச்சி. "ஒரு பெட்டி அப்படியே உள்ள இருக்கு. நீ காலைல வந்து போணியப் பண்ணு, போதும். பொறவு, தெருவுல நாலு பேருட்ட சொல்லு தாயி. நம்ம கடைல எல்லாம் கெடக்கு, யாரும் அங்கன இங்கன ஓட வேண்டாம்னு."

அவள் நாலு பேரிடம் சொல்லவில்லை, வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். உமா சொன்னால் அண்ணாச்சி சொன்ன மாதிரி என்று தெருவே நம்பிற்று. ஷரீபுன்னிசாவும் ஆட்டோவை நிறுத்திவிட்டாள். வீட்டு டப்பாவில் ஒரு நாளுக்கான பவுடர் மிச்சம் இருந்தது. உமாராணி நிம்மதியாகப் பிள்ளைக்கு அதைக் கரைத்துக் கொடுத்தாள்.

காலையில் கடை வாசலில் திருவிழாக் கூட்டம். ஷட்டர் முக்கால்வாசி இறங்கியிருந்தது. "கைராசிக்காரி வந்துட்டா, வழிய விடுங்க" என்று யாரோ கிண்டலாகச் சொன்னார்கள். அவள் குனிந்து உள்ளே போனாள். மஞ்சள், கல்லுப்பு. அண்ணாச்சி ரூபாயை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"டப்பா, அண்ணாச்சி?"

"எல்லாரு கண்ணு முன்னாலயும் எடுத்துக் குடுத்தா அடிதடியாயிரும். மத்தியானம் பின்வாசலுக்கு வா."

அவளுக்கு அதுவும் நியாயமாகத்தான் பட்டது. வெளியே வந்தவள், தள்ளிக்கொண்டு நின்ற பெண்களிடம் "எல்லாருக்கும் இருக்கு, மெதுவா போங்க" என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள்.

மத்தியானம் பின்வாசல் பூட்டியிருந்தது. முன்பக்கமாகப் போனாள். கடைக்குள் கால் வைத்தவளுக்கு வேறு எந்தக் கடைக்கோ வந்துவிட்ட மாதிரி இருந்தது. அரிசி இல்லை, பருப்பு இல்லை, எண்ணெய் இல்லை. வெறும் தகர ரேக்குகள். ஷூ பாலிஷும் பிறந்தநாள் மெழுகுவத்தியும் மட்டும் கேட்பாரற்றுக் கிடந்தன. குழந்தைச் சாமான் ரேக்கில் ஒரு கிலுகிலுப்பை விழுந்து கிடந்தது.

பில் போடும் நிவேதா அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏட்டி, என் டப்பா எங்கட்டி?"

"அக்கா, அது நேத்தே போயிட்டு. குற்றாலத்துல ஏதோ லாட்ஜ்ல கல்யாணக் கூட்டம் தங்கியிருக்காம். பால் பவுடர்னு எது இருந்தாலும் ஏத்துன்னு வேன் கொண்டு வந்தாங்க. நீங்க போன் பண்ணும்போது வேன் கெளம்பிட்டு."

உமாராணி நேராக அண்ணாச்சி முன்னால் போய் நின்றாள். "இல்லைன்னு சொல்லியிருக்கலாம்லா? நேத்தே தென்காசி போயிருப்பேம்லா?"

அவர் மழுப்பவில்லை. அதுதான் கொடுமை. "போயிருப்ப தாயி. காலைலயும் அங்கனதான் வரிசைல நின்னுருப்ப. இப்படியொரு யாவார நாள்ல போணிய யாரு பண்ணுவா?"

அடித்திருந்தால்கூட வலி இவ்வளவு இருந்திருக்காது. எந்த லாட்ஜ் என்று கேட்டாள். பெரிய இடம், பேரைச் சொல்ல முடியாது என்று அவர் ரோட்டைப் பார்த்தார்.

ஆட்டோவை எடுக்கச் சொல்லி ஷரீபுன்னிசாதான் புருஷனை விரட்டினாள். தென்காசியில் மெடிக்கல் ஷாப் ஒன்றுவிடாமல் ஏறி இறங்கினார்கள். "காலைல வந்திருந்தா இருந்துச்சே" என்றார் ஒருவர். அந்தச் சொல்லை உமாராணியால் தாங்க முடியவில்லை. குற்றாலத்துக்குப் போனார்கள். லாட்ஜ் கேட்டுகள் எல்லாம் சாத்திக் கிடந்தன. போலீஸ்காரர் லத்தியைத் தட்டி வீட்டுக்குப் போகச் சொன்னார். தேடிப்போன அரிசியும் கிடைக்கவில்லை. திரும்பும்போது ஷரீபுன்னிசா சத்தமில்லாமல் ஒன்று சொன்னாள்.

"நேத்தே போயிருக்கலாம்லா உமா."

திட்டியிருந்தால் தேவலை. தெருவில் இறங்கியபோது, அவள் பேச்சை நம்பிக் கடைக்குப் போய் வெறும் பையோடு திரும்பியிருந்தவர்கள் ஒருத்தரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "அவ டப்பாவுக்காக நம்ம வயித்துல அடிச்சிட்டா" என்று அவள் காதில் விழும்படியே ஒரு குரல் கேட்டது. அந்த டப்பாவும் தனக்கு இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நம்பவைத்துக் கழுத்தறுத்தவன் கடையில் உட்கார்ந்திருக்கிறான், அவனுக்குக் கத்தி எடுத்துக் கொடுத்த கை தன்னுடையது. அந்த நினைப்பு அவளைக் குடைந்து எடுத்தது. பவுடர் தீர்ந்துபோய், பிள்ளை கஞ்சித் தண்ணீரைக் குடித்துத் துப்பிவிட்டு, விடியவிடிய அழுதான்.

விடிந்ததும் நிவேதா வாசலில் நின்றாள். "அக்கா, டப்பா வந்திருக்காம். அண்ணாச்சி ஒங்கள வரச் சொன்னாங்க."

மானம் ரோஷம் எல்லாம் பார்க்கப் பிள்ளை விடவில்லை. இடது இடுப்பில் அவனை இடுக்கிக்கொண்டு உமாராணி ஓடினாள். ரோட்டில் சுண்ணாம்பு வட்டம் போட்டுச் சனங்களை நிறுத்தியிருந்தார்கள். ஷரீபுன்னிசாவும் பையோடு நின்றாள். ராத்திரி வந்திறங்கிய மூட்டைகள் உள்ளே அடுக்கிக் கிடந்தன. ஷட்டர் திறந்திருந்தும் வியாபாரம் ஆரம்பிக்கவில்லை. கல்லா மேல் மஞ்சள், கல்லுப்பு, பக்கத்தில் சோயா பவுடர் டப்பா.

"பாத்தியா, அண்ணாச்சி ஒன்னய விட்டுருவேனா?" முகக் கவசத்துக்குள் அவர் சிரிப்பது தெரிந்தது. "லாட்ஜ்ல இதுல டீ போட்டுப் பாத்துருக்கானுவ. மொச்ச நாத்தம் அடிக்குன்னு மிச்சத்தத் திருப்பி அனுப்பிட்டானுவ. நேத்து சாயங்காலமே வந்துட்டு."

"சாயங்காலமேவா?"

"ஆமா. காலைல எப்படியும் போணிக்கு வருவ, சேத்துக் குடுத்துருவோம்னு வச்சிருந்தேன்."

ராத்திரி முழுக்கப் பிள்ளை கத்திய கத்தல் அவள் காதுக்குள் இன்னும் இருந்தது. இந்த மனுஷனுக்கு அது நடந்ததுகூடத் தெரியாது. ஏதோ உபகாரம் பண்ணிய முகத்தோடு நிற்கிறார்.

டப்பாவை எடுத்து ஷரீபுன்னிசாவிடம் கொடுத்தாள். "வீட்டுல வெந்நி இருக்குக்கா. இந்தா வந்துருதேன்." ஷரீபுன்னிசா டப்பாவை வாங்கிக்கொண்டு, வரிசையில் தன் இடத்தையும் விட்டுவிட்டு வேகமாக நடந்தாள்.

மஞ்சளையும் கல்லுப்பையும் உமாராணி தொடவில்லை. இடது இடுப்பிலிருந்த பிள்ளையை வலது இடுப்புக்கு மாற்றி, வலது கையால் இறுக்கி அணைத்துக்கொண்டாள். காலியான இடது கையால் ரூபாயை எடுத்து நீட்டினாள்.

அண்ணாச்சியின் முகம் செத்துவிட்டது. "தாயி, போணிம்மா. சோத்துக் கையால குடும்மா."

"டப்பாக்கு ரூவா அண்ணாச்சி. பிடிங்க."

வரிசை மொத்தமும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவர் வாங்குகிற வரைக்கும் அவள் அதை இறக்கவில்லை.