நாற்காலிக்குப் பின்னால் நிற்பவர்

1

எங்கள் பக்கத்தில் எவரும் எழுதி வைக்காத, ஆனால் எல்லோரும் கடைப்பிடிக்கிற விதி ஒன்று உண்டு: சக்கர நாற்காலியில் ஒருவர் வந்தால், கேள்வியை அதைத் தள்ளி வருபவரிடம்தான் கேட்க வேண்டும். காபிக்குச் சர்க்கரை போடலாமா என்பதுகூட அப்படித்தான். இவ்விதியை ஆராய்ந்து இக்கதையைக் கண்டடைந்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசை. உண்மையில், கூத்தாநல்லூர் ரசியா பேகம் பேருந்தில் சொன்னார், எழுதிக்கொண்டேன். மாற்றுத்திறனாளிகள் தனித்து வாழத் துணைநிற்கும் அமைப்பில் அவர் பணியாற்றுகிறார்.

2

முதல் தொடக்கம்: அறுவடை முடிந்த வயல்களின் மேல் மாலைக் கதிரவன் தன் செங்கரங்களை—

(கைவிடப்பட்டது. கதை நடப்பது ஆனிக் கடைசியில். அப்போது வயலில் நிற்பது குறுவை நாற்று; அறுவடை என் ஆர்வக்கோளாறு.)

இரண்டாம் தொடக்கம்: பாபநாசத்தில் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கும் பிரகதீஸ்வரிக்கு வயது முப்பத்து நான்கு. அண்ணன் வீட்டுப் பின்னறையிலிருந்து தனிக்குடித்தனம் போக வேண்டும். பதினொரு வீடுகள் மறுத்தாயிற்று. பன்னிரண்டாவது, குஞ்சிதபாதத்தின் வீடு: ஒரே வாசற்படி, அகலமான கதவு. நாளை மறுநாள் ஆடி பிறக்கிறது. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். இன்று சரி என்றால் நாளை பால் காய்ச்சலாம். இல்லையேல் ஆவணிவரை பின்னறைதான்.

3

குஞ்சிதபாதம், பிரகதீஸ்வரியின் நாற்காலியைத் தள்ளி வந்த ரசியாவிடம் கேட்டார்:

"பொண்ணு தனியா இருந்துக்குமாம்மா?"

"இருந்துக்குவாங்க."

"ராத்திரியில பயப்படாதுல்ல?"

"என்னைக் கேட்டா எப்படிங்க? நான் ஆறு மணி பஸ்ஸுக்குப் போயிடுவேன்."

(இவ்விடத்தில் ரசியா ஒரு பக்கத்துக்கு உரிமைச் சொற்பொழிவு ஆற்றுவதாக எழுதியிருந்தேன். படித்துவிட்டு, "நான் என்ன மேடையிலயா நிக்கிறேன் தம்பி? பிரகதி எங்க?" என்றார். தேடினேன். பிரகதீஸ்வரிக்கு நான் ஒரு வரிகூடக் கொடுத்திருக்கவில்லை. விதியைக் கண்டிக்க வந்த கதையில் அதை மிக ஒழுங்காகக் கடைப்பிடித்தவன் நான்.)

4

திருத்திய வடிவம்: ரசியா கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விடுகிறார். அழைப்பு எதுவும் வரவில்லை.

நாற்காலிக்குப் பின்னால் இப்போது யாருமில்லை. குஞ்சிதபாதம் கைப்பிடிகளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். வேறு வழியின்றி, கதைக்குள்ளிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"கதை எழுதுறவரே, நீங்களாச்சும் சொல்லுங்க. பொண்ணு எப்படி?"

என்னிடம் பதில் இருந்தது, அடிக்குறிப்புகளோடு. வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவர் மனைவி ஜெயபாரதி ஈரக் கையைத் துடைத்தபடி வந்து, நாற்காலிக்கு எதிரே நின்று, பிரகதீஸ்வரியின் முகத்தைப் பார்த்தே கேட்டார். குடிவரும் எவரிடமும் கேட்கும் அதே கறார்க் குரல்.

"ஏம்மா, நாங்க சுத்த சைவம். நீ கருவாடு பொரிப்பியா?"

(முடிவுகள் இரண்டு வைத்திருந்தேன். ஒன்றில் பிரகதீஸ்வரி பொய் சொல்லிச் சாவி வாங்குகிறார். மற்றதில் ஜெயபாரதி மனமுருகுகிறார். இரண்டையும் கிழித்துவிட்டேன். வீடு கிடைத்ததா என்பது உங்கள் பொறுப்பு. பதில் மட்டும் அவருடையது.)

"பொரிப்பேங்க்கா," என்றார் பிரகதீஸ்வரி. "ஞாயித்துக்கிழமை. வேணும்னா ஜன்னலைச் சாத்திக்கிறேன்."