தளவாய் விட்ட பெருமூச்சு

அந்த ஊரில் காற்றை மலைமேல் தொட்டியிலிருந்து வார்டு வார்டாகத் திறந்துவிடுவார்கள். முதல் வார்டுக்குப் பிராணவாயு நூற்றுக்கு முப்பத்தைந்து பங்கு. ஐந்தாம் வார்டுக்கு ஒன்பது. காற்றுக்குத் தக்கபடிதானே உடம்பு? முதல் வார்டில் மனுஷர் பத்தடி வளர்ந்தார்கள். அங்கே தட்டான் பறந்தால் வாசல் கதவு பறக்கிற மாதிரி இருக்கும். ஐந்தாம் வார்டில் ஆள் ஒரு சாணும் இரண்டு விரலும். கோயில் யானையை ஒரு வருஷம் அங்கே கட்டிப் போட்டார்கள், இப்போது அதால் பூசாரி வீட்டுப் படியில் ஏற முடியவில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை அளவெடுக்க ஆள் வருவார். சின்ன உடம்புக்குச் சின்ன மூச்சு போதும் என்று அடுத்த வருஷக் காற்றைக் குறைத்து எழுதுவார். காற்று குறைந்ததும் உடம்பு குறையும். இதில் ஏமாற்று வேலை ஒன்றும் கிடையாது, அளவுகோல் எல்லாருக்கும் ஒன்றுதான்.

ஐந்தாம் வார்டு குருவம்மாவின் புருஷன் தளவாய், முதல் வார்டில் வால்வு திறக்கிற வேலைக்குப் போய்ப் பதினோரு வருஷம். போகும்போது அவளைவிட அரை விரல் குள்ளம். இப்போது ஒன்பதே முக்கால் அடி. அவர் போடுகிற கடிதத்தை விரித்தால் இரண்டு பேர் படுக்கலாம். முதலிரண்டு வருஷம் குருவம்மா அதில்தான் படுத்தாள். பிறகு பாயிலேயே படுத்துக்கொண்டாள்.

மகள் பிரமுவுக்குக் கல்யாணம் குதிர்ந்தது. "அப்பா வந்து தாரை வார்க்காம நான் மணையில உக்கார மாட்டேன்," என்று அவள் ஒரே பிடியாக நின்றாள். குருவம்மாவுக்கும் உள்ளுக்குள் அதே ஆசைதான். பெற்றவன் உயிரோடு இருக்கையில் சித்தப்பனை விட்டா தாரை வார்ப்பது?

ஆனால் தளவாயின் ஒரு மூச்சு ஐந்தாம் வார்டில் எண்பது பேர் மூச்சு. அதற்கும் அங்கே ஒரு வழக்கம் உண்டு. பெரிய உடம்புக்காரர் விசேஷத்துக்கு வந்தால், கல்யாணத்துக்கு வந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். கல்யாண வீட்டுக்கு அதுதான் செய்முறை. குருவம்மா வெற்றிலை பாக்கோடு வீடு வீடாகப் போய்ச் சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு இளைப்பு இருக்குல்லா, குருவு. அவரால பிடிக்க முடியாது," என்றாள் பக்கத்து வீட்டுச் சொர்ணம். "அவர் பங்கையும் நானே பிடிச்சிடுதேன். நம்ம பிரமுவுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப்போறேன்?"

"மைனி, நீங்க நல்லா இருக்கணும்," என்றாள் குருவம்மா. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

முகூர்த்தம் பத்து மணிக்கு. பந்தலுக்குள் நுழைய முடியாமல் தளவாய் வெளியே பொட்டலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கூட்டம் மொத்தமும் கன்னத்தை உப்பிக்கொண்டது. செம்பைச் சாய்த்தால் தண்ணீர் பொண்ணையும் மாப்பிள்ளையையும் அடித்துக்கொண்டு போய்விடுமே! சுண்டுவிரலை நனைத்து, சேர்ந்திருந்த இரண்டு கைமேலும் ஒரு சொட்டு விட்டார். மாப்பிள்ளை தாலி கட்டினான். எல்லாம் ஒரு நொடியில் முடிந்தது. அழகாக முடிந்தது. பிரமு அண்ணாந்து அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

குருவம்மா பிடித்திருந்த தன் பங்கு மூச்சை விட்டுச் சொன்னாள்: "சந்தோஷம். இனிக் கிளம்புங்க."

"இருடி. மக மாலையும் கழுத்துமா நிக்கா. ரெண்டு நிமிஷம் கண் குளிரப் பாத்துக்கிடுதேன்."

கூட்டத்துக்கு முகம் கறுத்துக்கொண்டு வந்தது. தளவாய் பார்த்தார். பந்தலைப் பார்த்தார், பந்தியைப் பார்த்தார், மூன்று சாண் உயரத்துத் தெருவைப் பார்த்தார். பிறகு வாய் கூசாமல் ஒரு வார்த்தை சொன்னார்:

"எப்படித்தான் இங்க இருக்கீங்களோ! எனக்கு மூச்சு முட்டுது."

சொல்லிவிட்டு ஆழ இழுத்து ஒரு பெருமூச்சு விட்டார்.

குருவம்மா நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டிருப்பாள். கேட்பதற்குக் காற்று இல்லை.

பிரமுவின் மாலை தோளிலிருந்து நழுவிக் காலடியில் விழுந்தது. தாலிச்சரடு முழங்கால்வரை இறங்கிற்று. பந்தலில் எல்லாருக்கும் வேட்டி சேலை தொளதொளத்துப் போக, அள்ளிச் செருகிக்கொண்டு பந்திக்கு உட்கார்ந்தார்கள். சொர்ணம் மட்டும் எழுந்திருக்கவில்லை. இரண்டு பேர் பங்கைப் பிடித்தவள் பிடித்தபடியே கிடந்தாள். தளவாய் அவளை இரண்டு விரலால் தூக்கிக் கொண்டுபோய் அவள் வீட்டு வாசலில் வைத்துவிட்டு, வேலைக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார்.

மறுவாரம் அளவெடுக்கிறவர் வந்தார். முழங்கால் போட்டுக் குனிந்து ஒவ்வொருவராக அளந்தார். ஒரு சாணுக்கு ஒரு விரல் குறைவு.

"சாணுக்குக் கீழ போயிட்டீங்கம்மா," என்றார் தன்மையாக. "இனி நீங்க குடியிருப்போர் பட்டியல்ல வரமாட்டீங்க. பூச்சிப் பிரிவுக்கு மாத்தியிருக்கு."

"அப்ப எங்களுக்குக் காத்து?"

"மருந்துப் புகை அடிப்பாங்க. வர்ற செவ்வாய்க்கிழமை."

"செவ்வாய்க்கிழமை எம்மகளுக்கு மறுவீட்டு விருந்து, சார். புதன்கிழமை வச்சுக்கிடக் கூடாதா?"

அவர் தாளைப் புரட்டினார். புதன்கிழமை வேறு வேலை எதுவும் இல்லை. செவ்வாயை அடித்துப் புதன் என்று எழுதினார். குருவம்மா கும்பிட்டுவிட்டு, விருந்துக்கு எத்தனை இலை வேண்டும் என்று சம்பந்தி வீட்டில் கேட்டு வரப் போனாள்.