ரப்பர் வளையம் நின்ற இடம்

"முன்னால ஸ்பிரிங் வேணும். பின்னால வேணாம்" என்றேன்.

"அதெப்படி மாப்ள? உக்காருற எடம் பின்னாலதான இருக்கு?" என்றான் என் நண்பன் சூரியபிரகாஷ்.

என் மனைவி பிரின்சி அடுப்படியில் சிரித்தது கேட்டது. நான் சிரிக்கவில்லை. அது நல்ல கேள்வி. நல்ல கேள்விக்கு முழுதாகப் பதில் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. தேனிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பிரிவில் பாடம் நடத்துகிறவன் நான். வீட்டிலும் அதையே செய்கிறேன் என்பது அவள் புகார்.

பின்னாலும் ஸ்பிரிங் வைத்த சைக்கிள் இறக்கத்தில் சுகமாக இருக்கும். ஏற்றத்தில் நாம் ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் அந்த ஸ்பிரிங் அமுங்கி எழும்பி, கால் கொடுக்கும் சக்தியில் ஒரு பங்கைத் தின்றுவிடும். நல்ல ரகத்தில் இதற்கு வழி உண்டு. ஆனால் நாங்கள் பார்த்தது நடுத்தர விலை. அந்த விலைக்குள் பின் ஸ்பிரிங்கும் வேண்டுமென்றால், தயாரிப்பவன் பிரேக்கிலும் கியரிலும் கை வைப்பான். எங்கள் பாதையோ பாதி ஏற்றம், பாதி இறக்கம்.

எங்கள் பாதை என்று நான் சொல்வது போடிக்கு மேலே ஒரு காப்பி எஸ்டேட்டுக்குள் போகும் பழைய கழுதைத் தடம். ஜீப் ரோடு வருவதற்கு முன்னால் ஏலக்காய் மூட்டை இறங்கிய வழி. பிறகு காடு மூடிவிட்டது. 2007-லிருந்து சனிக்கிழமைதோறும் நானும் சூரியும் சாதாரணச் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டும் தூக்கிக்கொண்டும் போய், உண்ணிச்செடியை வெட்டி, சரிந்த கல்லை அடுக்கி, ஓட்டுகிற மாதிரி ஆக்கினோம். நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரே பாறையாக ஒரு படி விழும். ஆனைப்படி என்று பெயர் வைத்தோம். அதில் மட்டும் சைக்கிளைத் தோளில்தான் இறக்குவோம்.

ஒரு நல்ல மலைச் சைக்கிள் வாங்கி, ஆனைப்படியை ஓட்டியே கடந்து பார்த்துவிட்டு, 2009 டிசம்பரில் வெளியூர் ஆட்களை அழைத்துப்போவது என்பது திட்டம். எஸ்டேட் மேனேஜர் கருத்தக்கண்ணன் வாய்வார்த்தையாகச் சரி சொல்லியிருந்தார். நான் தொழில்நுட்பம், சூரி மலை. கோம்பையில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் அவனுக்கு மேகத்தைப் பார்த்தே வழுக்குமா வழுக்காதா என்று தெரியும்.

எனவே அவனும் எல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன். பிரேக்குக்கு ஏன் வயரைவிட எண்ணெய்க் குழாய் நல்லது. வயரில் மண் ஏறினால் இறுகும், எண்ணெய் ஒரே விரல் அழுத்தத்தை அப்படியே சக்கரத்துக்குக் கொண்டுபோகும். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் சுருள் கம்பிக்குப் பதில் ஏன் காற்று. ஓட்டுகிறவன் எடைக்குத் தக்கபடி பம்பில் ஏற்றி இறக்கலாம். அறுபது கிலோ சூரிக்கு ஒரு அளவு, எண்பது கிலோ எனக்கு வேறு அளவு. சைக்கிள் சட்டம் ஏன் பதினெட்டு அங்குலம் போதும். இங்கே எல்லாரும் பெரிய சைக்கிள்தான் கெத்து என்று வாங்குவார்கள், பாறையில் கால் ஊன்ற நேர்ந்தால் அப்போது தெரியும். சூரி கேட்டுக்கொண்டே இருந்தான். சில சமயம் நான் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்வான்.

"அண்ணே, நீங்களாச்சும் கேக்குறீக. நான் தூங்கிருவேன்" என்பாள் பிரின்சி.

"தங்கச்சி, கோம்பை நாயும் நாங்களும் ஒண்ணு. கவ்வினா விடமாட்டோம்."

சைக்கிளைப் பெங்களூரிலிருந்து வரவழைத்தேன். அது லாரி பார்சலில் தேனிக்கு வரவேண்டிய சமயம் எனக்குப் பரீட்சை வேலை. சூரி எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். "இன்னும் வரல மாப்ள, மழையில எங்கனயோ மாட்டிக்கிச்சாம்" என்று இரண்டு மூன்று தடவை போன் செய்தான். கடைசியில் ஒரு மாலை, அட்டைப் பெட்டியைக் குட்டியானை வேனில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, மருந்தடிக்கணும் என்று உடனே போய்விட்டான். எனக்கு ஆச்சரியம். பெட்டி திறக்கும்போது கூட இருக்க அவன்தான் அதிகம் துடித்தவன்.

பெட்டியில் வரும் சைக்கிளில் முன் சக்கரமும் ஹேண்டில்பாரும் கழற்றியிருக்கும். ஹேண்டில்பாரை மாட்டினேன். அதன் நடுவே, கழற்றத் தேவையில்லாத மேல் மூடித் திருகாணி ஒன்று உண்டு; அதன் தலையில் இருக்கும் ஆறு மூலைப் பள்ளத்தில் சாவியை நுழைத்து இறுக்கம் பார்க்க வேண்டும். நான் நுழைத்தேன். இறங்கவில்லை. பள்ளத்தில் ஏதோ அடைத்திருந்தது. பிரின்சியிடம் ஊசி வாங்கிக் குத்தி எடுத்தேன். மஞ்சளாக, கட்டியாக வந்தது. முகர்ந்தேன்.

சந்தனம்.

எங்கள் வீட்டில் புது வண்டி வந்தால் பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணுவார். சந்தனம் வைக்கிற வழக்கம் இல்லை.

"கடையில வச்சிருப்பாக. இப்பத்தான ஆயுத பூஜை போச்சு" என்றாள் பிரின்சி.

இருக்கலாம். மனசு உடனே அதைப் பிடித்துக்கொண்டது. முன் சக்கரத்தை மாட்டினேன். அப்போதுதான் ஃபோர்க்கைப் பார்த்தேன்.

ஃபோர்க்கின் பளபளப்பான குழாயைச் சுற்றி ஒரு மெல்லிய ரப்பர் வளையம் இருக்கும். பள்ளத்தில் விழுந்து ஃபோர்க் அமுங்கும்போது, கீழ்ப்பகுதி மேலேறி வளையத்தைத் தள்ளிக்கொண்டு போகும். ஃபோர்க் திரும்பி நீளும்போது வளையம் திரும்பாது. போன இடத்திலேயே நிற்கும். கடைசியாக எவ்வளவு பெரிய அடி வாங்கியது என்பதை அதுவே காட்டிவிடும். எவ்வளவு எளிமை. சூரிக்கு நான் சொல்லிக்கொடுக்காமல் விட்டது இது ஒன்றுதான். படங்களில் தெரியவில்லை, எனக்கே கையேட்டைப் படித்துத்தான் தெரிந்தது.

புதுச் சைக்கிளில் அது அடியில் இருக்க வேண்டும். இதில் உச்சியில் இருந்தது.

தெருவில் ஓட்டிப் பார்த்தால் வளையம் அங்கே போகாது. வேகத்தடையில் ஏற்றினாலும் பாதிதான் போகும். உச்சிக்குப் போக முழங்கால் உயரத்திலிருந்து விழ வேண்டும். கூட வந்திருந்த சின்ன பம்பை மாட்டிக் காற்றை அளந்தேன். கையேட்டு அட்டவணையில் அறுபது கிலோவுக்கு நேரே போட்டிருந்த அளவில் முள் அசையாமல் நின்றது.

மறுநாள் காலை கோம்பைக்குப் போனேன். சூரி பந்தலுக்குக் கீழே கத்தரிக்கோலுடன் கவாத்து செய்துகொண்டிருந்தான்.

"ஆனைப்படி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

அவன் மறுக்கவில்லை. கத்தரிக்கோலை இடுப்பில் செருகினான். "நல்லாத்தான் கழுவுனேன். எப்படிக் கண்டுபிடிச்ச?"

"சந்தனம்."

"எங்க ஆத்தாதான். புது வண்டிய வெறுமனே எடுக்க விடுவேனான்னு வழிய மறிச்சு நின்னுச்சு. எலுமிச்சம்பழங்கூட வச்சுச்சு."

"எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே உன்னய முதல்ல ஓட்டச் சொல்லியிருப்பேனே சூரி."

அவன் ஒரு கொடியின் நுனியைக் கிள்ளினான். இன்னும் ஏதோ இருப்பது எனக்குப் புரிந்தது.

"தனியாவா போன?"

"மூணார் ரிசார்ட்டுக்காரக வந்திருந்தாக. நாலு சைக்கிள் வாங்கியிருக்காக. வெளிநாட்டுலருந்து நேரா கொச்சிக்கு வந்துச்சாம். எல்லாம் நீ சொன்ன கணக்குத்தான், முன்னால மட்டும் ஸ்பிரிங், எண்ணெய் பிரேக்கு. பாதையக் காட்டச் சொன்னாக. நான் அந்த ஓட்டச் சைக்கிள்ல எப்படிப் போவேன்?"

"கருத்தக்கண்ணன் சார்?"

"அவுககிட்டயும் பேசிட்டாக. டிசம்பர்லருந்து பாதை ரிசார்ட்டுக்குத்தான். நான் கைடு. வெளியாள் யாரும் வரக்கூடாதுன்னு பேச்சு."

"வெளியாளுன்னா?"

"ஏலே, என்னய ஏன் அப்படிப் பாக்குற? உனக்கு மாசாமாசம் சம்பளம் வருது. எனக்குப் போன வருசம் மழையில பழம் பூராம் வெடிச்சுப் போச்சு. நீ வந்து எட்டிப்பாத்தியே, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அன்று அவனோடு நின்று அழுகிய குலைகளை வெட்டிப் போட்டேன். "இதச் சொல்லித்தான் கேட்டிருக்கலாம்ல? ரெண்டு பேருமாப் போய்ப் பேசியிருப்போமே."

"ஒருத்தன் போதும்னாக மாப்ள." பிறகு, என்னைத் தேற்றுவதாக நினைத்தோ என்னவோ, லேசாகச் சிரித்தான். "பிரேக்கு பத்தி, காத்து பத்தி எல்லாம் கேட்டாக. நீ சொன்னத அப்படியே எடுத்துவிட்டேன். 'நிங்ஙள் எஞ்சினியரானோ'ன்னு மலையாளத்துல கேட்டாக!"

நான் வந்துவிட்டேன்.

டிசம்பர் பாதியில் ஒரு சாயங்காலம் சூரி வீட்டு வாசலில் நின்றான். நடுவில் நாங்கள் பேசவில்லை. பிரின்சி காப்பி கொடுத்தாள், உட்காரச் சொல்லவில்லை.

"ரெண்டு பேரு விழுந்துட்டாக. ஒருத்தருக்குக் கை முறிஞ்சிருச்சு. இறக்கத்துல பின் பிரேக்கத்தான் பிடிச்சேங்குறாக. ஆனா முன்னால தூக்கி அடிக்குது. சைக்கிள்ல என்ன கோளாறுன்னு தெரியல."

கேட்டவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. என் காப்பியை ஆற்றினேன். இதையும் சொல்லிவிட்டால் இவன் இனி இங்கே எதற்கு வருவான் என்று நினைத்தேன். அடுத்து ஆனைப்படியில் யாரோ ஒருவர் இடது கையை இறுக்கப்போவதையும் நினைத்தேன்.

"கோளாறு இல்ல" என்றேன். "நம்ம ஊர்ல வலது கை முன் பிரேக்கு, இடது கை பின் பிரேக்கு. சைக்கிள் பழகுனதுலருந்து அப்படித்தான். வெளிநாட்டுல பாதி நாட்டுல அப்படியே மாத்தி இருக்கும். அவுகளுக்கு நேரா வந்த சைக்கிள்ல இடது கையில முன் பிரேக்கு. பழக்கத்துல இடதப் பிடிச்சா முன் சக்கரம் பூட்டிக்கும். ஆளு ஹேண்டில்பாருக்கு மேல போயிருவாரு."

"அப்ப குழாய மாத்தி மாட்டிட்டாப் போதுமா?"

"மாத்தும்போது உள்ள காத்து போயிரும். எண்ணெய அமுக்க முடியாது, காத்த அமுக்கலாம். பிடி தொளதொளன்னு ஆகும். அதனால காத்து வெளியேறுற வரைக்கும் எண்ணெய் விட்டு எடுக்கணும். அதுவரைக்கும் ஒருத்தரையும் ஏத்தாத."

"எண்ணெய அமுக்க முடியாது, காத்த அமுக்கலாம்" என்று சூரி திருப்பிச் சொன்னான். அதே முகம், அதே தலையாட்டல். "நீயே ஒருநா வந்து செஞ்சு குடுத்தேன்னா..."

"வெளியாள் வரக்கூடாதுன்ன?"

"அது... கெஸ்ட்டா வரலாம்."

அவன் வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டியதும் பிரின்சி வந்தாள். "சொல்லிட்டீகளா?"

"ஆமா."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அவள் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சைக்கிள் கூடத்துச் சுவரில் சாய்ந்திருந்தது. பம்பை மாட்டி எண்பது கிலோவுக்கான அளவு வரை காற்று ஏற்றினேன். ரப்பர் வளையத்தை விரலால் அடிவரை தள்ளினேன். தெருவில் இறக்கி ஏறினேன். கியர் சொன்னபடி விழுந்தது, பிரேக் ஒரு விரலுக்கு நின்றது. ஒன்றுகூடத் தப்பாகத் தேர்ந்தெடுக்கவில்லை. பாறைக்கென்று வாங்கிய டயரின் முட்டுகள் தார் ரோட்டில் உர்ரென்று இரைந்தன. மேற்கே மலை தெரிந்தது. நான் பைபாஸ் பக்கம் திரும்பினேன்.

வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தேன். வளையம் அடியை விட்டு ஒரு விரற்கடைதான் ஏறியிருந்தது.