அவள் கடைசியாகத் தேடியது

மனைவி டினோஜாவின் போனை றொசாந்தன் இன்னும் திறக்கவில்லை. கடவு இலக்கம் அவனுக்குத் தெரியும். பேசாலை வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அலுமாரிமேல் கிடந்த அந்தப் போனைப் பார்த்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தார்கள்.

அவள் மூச்சிழுப்பு வந்து செத்தபோது அவன் அடம்பனில், வேலை செய்யும் கந்தோரில் இருந்தான். பக்கத்து வீட்டுக்காரி கண்டபோது அவள் குசினி வாசலில் போனைப் பிடித்தபடி கிடந்தாள். அவனுக்கு அழைப்பு வரவில்லை. அடுத்த ஒழுங்கையில் இருந்த அவள் தாய்க்கும் வரவில்லை. முதல்நாள் அவனுக்கும் அவளுக்கும் சண்டை. "நான் செத்தாத்தான் உங்களுக்கு நிம்மதி" என்று அவள் சொன்னது மதிலுக்கு அப்பாலும் கேட்டிருந்தது.

முப்பத்தோராம் நாள் பூசை நெருங்கியது. மாமியார் அன்ரோனெற் வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, கம்பஸில படிச்சு முடிச்ச ஆள் நீங்கள். ஒரு போன் திறக்கத் தெரியேல்லையோ?"

"தெரியும் மாமி."

"அப்ப பயம்."

"ஓம்."

"எனக்கும்தான். அவள் வேணுமெண்டு பேசாமக் கிடந்தவளோ எண்டு தெரியாம நான் எப்பிடிப் போய்ப் பூசையில முழந்தாளில நிக்கிறது? திறவுங்கோ."

சார்ஜில் போட்டுத் திறந்தான். அவள் கடைசியாகத் தேடியவை வரிசையாக இருந்தன, எல்லாம் தமிழில்: இழுப்பு பம்ப் முடிஞ்சா என்ன செய்வது. மூச்சு முட்டுது உடனே என்ன செய்வது. அம்புலன்ஸ் நம்பர்.

கடைசியைத் தொட்டான். பெரிய எழுத்தில் 108 என்று வந்தது. கீழே சின்ன எழுத்தில் தமிழ்நாடு. தமிழில் தேடினால் கடலுக்கு அந்தப் பக்கத்து விடைதான் பெரும்பாலும் முதலில் வரும். அவள் சமையலையும் மழையையும்கூட அப்படித்தான் பார்த்து வந்தாள்.

அழைப்புகளைப் பார்த்தான். அன்றைக்கு 108 மட்டும்தான், திரும்பத் திரும்ப.

அவனும் அந்த இலக்கத்தை அழுத்தினான். பதிவுக் குரல் சிங்களத்தில் தொடங்கியது. அந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று தமிழில் வர நேரமெடுத்தது. அழைப்புகளுக்கிடையே சில வினாடிகள்தான்; அவள் ஒவ்வொரு தடவையும் அதற்கு முன்பே வெட்டிவிட்டு மறுபடி எடுத்திருந்தாள்.

"என்ன தம்பி?"

"அம்புலன்சுக்குக் கோல் எடுத்திருக்கிறாள் மாமி. விடாமல் எடுத்திருக்கிறாள்."

அன்ரோனெற் சிலுவை போட்டார். "என்ர பிள்ளை உயிரோட இருக்கத்தான் பாத்திருக்கிறாள்," என்று சொல்லிக் குனிந்து அழுதார். பிறகு முகத்தைத் துடைத்தார்.

"அப்ப ஏன் ஒருத்தரும் வரேல்லை?"

"அது இந்தியா நம்பர். எங்கட நம்பர் 1990."

"உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"தெரியும்."

"அவளுக்குச் சொல்லேல்லையோ?"

கந்தோர்ச் சுவரில் 1990 என்று ஒட்டியிருந்தது. போக வர அதைப் பார்ப்பான். வீட்டில் சொல்ல ஒருநாளும் தோன்றியதில்லை.

அன்ரோனெற் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏசுவார் என்று காத்திருந்தான். ஏசவில்லை. மடியிலிருந்த தன் போனை எடுத்து நீட்டினார்.

"அந்த நம்பரை இதில போட்டுத் தாங்கோ. இனி நானும் தனியத்தானே."

அவன் வாங்கி, இலக்கங்களை ஒவ்வொன்றாகத் தட்டினான்.