பல்லியின் படுக்கை

"முகத்தை ஏணிப் பக்கம் திருப்பு! முதுகைக் காட்டிக்கிட்டு இறங்கினா உருண்டுதான் போவே!"

கீழே நின்று கத்தினார் கிழவர். எழுபத்தெட்டு வயதையும் மேல்தளத்திலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தவர் மாதிரி இருந்தது அவர் நின்ற தோரணை. மேலே இரும்பு ஏணியில், கைப்பையைப் பல்லில் கவ்வாத குறையாக, அவர் மனைவி.

"கத்தாதீங்க. உங்களை மாதிரி நான் என்ன கப்பல்லயா பொறந்தேன்?"

பையில் போன் அலறியது. மகள்.

"அம்மா, எங்கே இருக்கீங்க? அப்பா படி ஏறவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே!"

"ஏறலடி. இறங்குறோம்."

கீழிருந்து ஒரு வெடிச்சிரிப்பு. "அப்படிச் சொல்லு!"

"இறங்கினா திரும்ப ஏறணுமேம்மா..." அதற்குள் இரும்புச் சுவர்கள் பேச்சை விழுங்கிவிட்டன.

அது அவளுக்குத் தெரியாதா? நாக்கடியில் வைக்கிற மாத்திரை உள்ளங்கையில்தான் இருந்தது. ஆனால் மாதக்கணக்கில் சன்னலோர நாற்காலியில் ஒடுங்கிக் கிடந்த மனுஷன், காட்சிசாலையாக நிறுத்திவைத்த போர்க்கப்பலின் அடித்தளத்தையும் பார்வைக்குத் திறந்துவிட்டார்கள் என்று கேட்டதும் இரண்டு முறை முகச்சவரம் செய்துகொண்டார். கல்யாணத்துக்கு முன்னால் கொதிகலன் அறையில் வேலை பார்த்த கப்பல். மேலே ஏணியருகில் நின்ற காவல்காரப் பெண், "தாத்தா இறங்கலாமா?" என்று அவளைத்தான் கேட்டாள். இறங்கட்டும் என்று சொன்னவளும் அவள்தான்.

"இங்கே வா! இதோ, இதோ!"

அடுக்கடுக்காகக் கட்டில்கள். ஒவ்வொன்றிலும் கப்பலாள் உடுப்பு மாட்டிய துணிப்பொம்மை. கிழவர் தடுப்புக் கயிற்றுக்கு அடியில் நுழைந்து, கடைசிக் கீழ்க்கட்டிலில் கிடந்த பொம்மையைத் தோளைப் பிடித்து இழுத்துத் தரையில் உட்கார்த்தினார்.

"ஐயோ, அது பொம்மைங்க!"

"பொம்மையா இருந்தா என்ன? எந்திரிடா, என் எடம்!"

நீட்டி நிமிர்ந்து படுத்தார். வலக்கை தானாக மேலே போய், சுவரோடு ஓடிய குழாயை வளைத்துப் பிடித்துக்கொண்டது.

"புயல்ல இதைப் பிடிக்காம தூங்கினா, விடியும்போது அடுத்தவன் மேல கிடப்போம். நான் புயல் இல்லாதப்பவும் விடமாட்டேன். அதான் எனக்கு இங்கே பல்லின்னு பேரு."

அவள் குனிந்து அந்தக் கையைப் பார்த்தாள். வீட்டுக் கட்டிலின் தலைமாட்டுக் கம்பியை அவர் இப்படித்தான் பிடித்துத் தூங்குவார். புதுப்பெண்ணாக இருந்தபோது அழுததுகூட உண்டு. பக்கத்தில் பெண்டாட்டி, கையில் கட்டில் கம்பி!

"இதை ஏன் இத்தனை வருஷமா சொல்லலை?"

"நீ கேக்கலையே."

"கேட்டேனே! பழக்கம்னீங்க."

"பழக்கம்தானே!" இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. "அஞ்சு நிமிஷம் கண்ணை மூடிக்கறேன். யாராவது வந்தா கண்டுக்காதே. பொம்மைன்னு நெனைக்கட்டும், பயமுறுத்தறேன் பாரு."

வந்தார்கள். ஒரு தகப்பனும் சின்ன மகளும்.

"அப்பா, இந்தப் பொம்மை மட்டும் கிழவரா இருக்கு!"

"நிஜம் மாதிரியே செஞ்சிருக்காங்க பாரேன்."

அவள் சிரிப்பை அடக்கிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். இப்போ, இதோ இப்போ கத்தப்போகிறார். குழந்தை அலறப்போகிறது.

அவர்கள் அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள்.

"என்னங்க, கோட்டை விட்டுட்டீங்களே. போதும் நடிப்பு, எந்திரிங்க."

கன்னத்தைத் தொட்டாள். உதட்டில் அந்தக் குறும்பு அப்படியே இருந்தது. மாத்திரையை நாக்கடியில் வைத்துப் பார்த்தாள். பிறகுதான் காவல்காரப் பெண்ணைக் கூப்பிட்டாள். சத்தமாகக்கூட இல்லை.

டாக்டர் வந்து தலையசைத்துவிட்டுப் போனார். தூக்குப்படுக்கையோடு வந்தவர்கள் குழாயிலிருந்து கையை எடுக்கப் பார்த்தார்கள். வரவில்லை.

"விடுங்க தம்பி. சுண்டுவிரல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

காலையில் காபி கொடுக்குமுன் தினமும் செய்கிற வேலை. ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். கை அவள் கைக்குள் விழுந்தது.

அவரை ஏணிவழியே பத்திரமாக மேலே ஏற்றினார்கள். "வாங்கம்மா, நீங்களும் போகலாம்" என்றாள் காவல்காரப் பெண்.

"இதோ வந்துட்டேன்."

தரையில் உட்கார்ந்திருந்த பொம்மையைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினாள். உடுப்பின் கசங்கலை நீவினாள். பிறகு அதன் வலக்கையை உயர்த்தி, குழாயைச் சுற்றி மடக்கிவிட்டாள், சுண்டுவிரலைக் கடைசியாக.